பதவியை விட்டால் மன்னிப்பு என்று சொல்லிவிட்டு, விட்ட பிறகு வழக்குப் போடுவது நியாயமா?

அரைத்தூக்கம் எழுதியது:

கொஞ்சம் ஏடாகூடமான கேள்வி, திட்டாமல் பதில் சொல்லுங்கள். முன்னாள் சர்வாதிகாரிகளைக் கூண்டில் ஏற்றுவது பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் 'கண்டிப்பாக ஏற்ற வேண்டும்' என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிலி நாட்டுக் கதையைப் படித்த பிறகுதான் குழப்பம் வந்தது.

ராணுவத் தளபதி பினோசெட் 1973 செப்டம்பர் 11இல் ஆட்சியைப் பிடித்தார், 3,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள், அதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் 1988இல் அவரே நடத்திய பொதுவாக்கெடுப்பில் தோற்று, 1990இல் மனிதர் இறங்கிவிட்டார். சும்மா இறங்கவில்லை. 1978இலேயே தன் ஆட்களுக்கு ஒரு பொதுமன்னிப்பு ஆணை போட்டு வைத்திருந்தார், இறங்கிய பிறகும் 1998 மார்ச் வரை ராணுவத் தளபதி, அதன் பிறகு ஆயுட்கால செனட்டர் பதவி. நாடே பல்லைக் கடித்துக்கொண்டு இதையெல்லாம் ஏற்றுக்கொண்டது, பதிலுக்குத் தெருவில் சண்டை இல்லாமல் தேர்தல் ஆட்சி வந்தது.

எட்டு வருடம் கழித்து, 1998 அக்டோபர் 16 அன்று, முதுகு அறுவை சிகிச்சைக்காக லண்டன் போனவரை ஸ்பெயின் நீதிபதி பல்தசார் கார்சோனின் பிடியாணையை வைத்துக் கைது செய்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் அதே செய்தியை வேறொரு நாட்டு அரண்மனையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு சர்வாதிகாரிக்கு அதிலிருந்து என்ன புரிந்திருக்கும்? நாற்காலியை விடாதே, விட்டால் செத்தாய் என்றுதானே? அப்படியானால் ஒரு கிழவரைப் பிடித்த திருப்திக்காக இன்னொரு நாட்டு மக்களை இன்னும் பத்து வருடம் அடைத்து வைக்கிறோமோ என்று தோன்றுகிறது. கொடுத்த வாக்கை மீறலாமா, மீறினால் யாருக்கு லாபம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கோப்புப்புழு எழுதியது:

நண்பரே, திட்ட ஒன்றுமில்லை, இந்தத் துறையில் இருப்பவர்களே முப்பது வருடமாக இதைத்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 'வாக்கு' என்ற சொல்லில் உங்களோடு உடன்பட முடியவில்லை. 1978 ஆணையைப் போட்டது யார்? அவருடைய ஆட்சிதான். நாடாளுமன்றம் பூட்டிக் கிடந்தது. யாரைக் கேட்டுப் போட்டார்கள்? திருடியவனே 'திருட்டு குற்றமில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொண்டால் அதற்குப் பெயர் ஒப்பந்தமா? அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றம் 2001இல் பெரு நாட்டுக்கு எதிரான பாரியோஸ் ஆல்டோஸ் வழக்கில் இதைத்தான் சொன்னது: இந்த வகைச் சுயமன்னிப்புச் சட்டங்களுக்குச் சட்ட மதிப்பே கிடையாது.

அதைவிட எனக்குப் பிடித்தது, சிலிக்காரர்கள் அந்த ஆணையை ரத்து செய்யாமலேயே சுற்றிப் போன விதம். மன்னிப்பு 1973 செப்டம்பர் 11 முதல் 1978 மார்ச் 10 வரை நடந்த குற்றங்களுக்கு. சரி. கொலை என்றால் அது நடந்த நாள் ஒன்று இருக்கும், அந்தத் தேதி இந்த வரம்புக்குள் விழும், மன்னிப்பு பொருந்தும். ஆனால் உடலே கிடைக்கவில்லையே? ஆளைப் பிடித்துக்கொண்டு போனது நிரூபணம், செத்ததற்கு நிரூபணம் இல்லை. அப்படியானால் சட்டத்தின் கண்ணில் அது இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கும் ஆட்கடத்தல், 1978 மார்ச் 10ஐத் தாண்டியும் முடியாத குற்றம், ஆகவே மன்னிப்புக்கு வெளியே. நீதிபதி ஹுவான் குஸ்மான் இதை வைத்துத்தான் வழக்கை நகர்த்தினார், 1999இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. யோசித்துப் பாருங்கள், தடயம் இருக்கக் கூடாது என்று உடல்களோடு தண்டவாளத் துண்டுகளைக் கட்டி ஹெலிகாப்டரிலிருந்து கடலில் போட்டார்கள். அந்த உடல் இல்லாமைதான் கால் நூற்றாண்டு கழித்து வழக்கைத் திறந்தது. 2004இல் அதே குஸ்மான் கடலுக்கு அடியிலிருந்து சில தண்டவாளத் துண்டுகளை எடுக்க வைத்தார், ஒன்றில் ஒரு சட்டைப் பித்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் இதைப் படித்த அன்று வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

லண்டன் விவகாரம் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நிறையப் பேர் அதைப் பெரிய வெற்றியாக மட்டும் நினைவு வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை (அப்போது அங்கே கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதுதான்) முதலில் 3-2 என்று, முன்னாள் நாட்டுத் தலைவர் என்பதால் அவருக்கு வழக்கிலிருந்து விலக்குரிமை இல்லை என்றது. நீதிபதிகளில் ஒருவருக்கு, அந்த வழக்கில் ஒரு தரப்பாக நின்ற ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்போடு தொடர்பு இருந்தது தெரிந்ததும் அந்தத் தீர்ப்பையே தள்ளுபடி செய்து மறுபடி விசாரித்தார்கள். 1999 மார்ச் 24இல் வந்த தீர்ப்பு 6-1, ஆனால் 1988 டிசம்பர் 8க்குப் பிறகு நடந்த சித்திரவதைகளை மட்டும்தான் கணக்கில் எடுக்கலாம் என்று சுருக்கிவிட்டார்கள், பிரிட்டன் சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையை ஏற்ற தேதி அதுதான். அதாவது அவருடைய பதினாறரை வருட ஆட்சியில் கடைசி ஒரு வருடமும் சொச்சமும்! ஆனாலும் அந்தச் சின்னத் துண்டில் ஒரு பெரிய விஷயம் நிலைத்துவிட்டது. சித்திரவதை செய்வது ஒரு நாட்டுத் தலைவரின் அலுவல் பணி ஆகாது, அதனால் பதவி போன பிறகு அதற்கு விலக்குரிமை கேட்க முடியாது. அதற்கு முன்பு எந்த நாட்டு நீதிமன்றமும் குற்ற வழக்கில் வேறொரு நாட்டின் முன்னாள் தலைவரைப் பற்றி இப்படிச் சொன்னதில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று என்றால், உடல்நிலை சரியில்லை என்று 2000 மார்ச் 2இல் அனுப்பிவிட்டார்கள். சாந்தியாகோ விமான நிலையத்தில் இறங்கியதும் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நடந்தார். மறதி நோய் என்று 2002இல் வழக்கு நின்றது, அடுத்த வருடமே மியாமி தொலைக்காட்சி ஒன்றுக்குத் தெளிவாக உட்கார்ந்து பேட்டி கொடுத்தார், அதையே ஆதாரமாக வைத்து நீதிபதி மறுபடி வழக்கை எடுத்தார். 2006 டிசம்பர் 10இல் செத்தார், தண்டனை ஒன்றுகூட இல்லாமல். ஆனால் அவருடைய ரகசியப் போலீஸ் தலைவர் மனுவேல் கோன்த்ரேராஸ் 500 வருடங்களுக்கு மேல் தண்டனை வாங்கி 2015இல் கைதியாகவே செத்தார்.

---

மறுபக்கம் எழுதியது:

கோப்புப்புழு சார் நன்றாக எழுதுவார், ஆனால் கேள்வி கேட்டவரின் பயத்துக்குப் பதில் சொல்லாமல் சட்ட நுணுக்கத்துக்குள் போய்விட்டார். அந்தப் பயம் கற்பனை இல்லை. காம்பியாவைப் பாருங்கள். யாஹ்யா ஜமே 22 வருடம் ஆண்டவர், 2016 டிசம்பர் தொடக்கத்தில் தேர்தலில் தோற்று, யாரும் எதிர்பார்க்காதபடி தோல்வியை ஒப்புக்கொண்டு, ஜெயித்தவருக்கு டிவியில் போனே பண்ணினார். ஊரே ஆடிப்பாடியது. சில நாளில் வென்ற கூட்டணியின் பிரமுகர் ஒருவர் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து, ஜமே மேல் வழக்கு வரும் என்று சொல்லிவிட்டார். டிசம்பர் 9 அன்று ஜமே 'தேர்தல் செல்லாது' என்று திரும்பிவிட்டார். அந்த ஒரு பேட்டிதான் காரணம் என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் அப்போது பலரும் அதைத்தான் சொன்னார்கள். கடைசியில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் படை எல்லை தாண்டி வந்த பிறகுதான், 2017 ஜனவரியில் ஈக்குவடோரியல் கினிக்கு விமானம் ஏறினார்.

லைபீரியாவின் சார்லஸ் டெய்லர் கதை இன்னும் மோசம். 2003இல் பதவி விலகினால் நைஜீரியாவில் பத்திரமாக இருக்கலாம் என்று அழைத்துப் போனார்கள், போனார், போரும் நின்றது. 2006 மார்ச்சில் அதே நைஜீரியா ஒப்படைக்க ஒத்துக்கொண்டது, தப்பி ஓடப் பார்த்து கேமரூன் எல்லையில் பிடிபட்டார். 2012இல் 50 வருடம். எனக்கு அவர் மேல் துளி இரக்கம் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு 'வந்து எங்கள் நாட்டில் தங்கிக்கொள், ஒன்றும் ஆகாது' என்று யாராவது சொன்னால் எவன் நம்புவான்?

---

சாட்சி எண் 90 எழுதியது:

மூன்று பதிவையும் படித்தேன். எல்லாரும் சர்வாதிகாரி என்ன நினைப்பான், அவன் எதை நம்புவான் என்றே பேசுகிறீர்கள். அடிபட்டவர்களை யாருமே கேட்கவில்லையே. எனக்கு இதில் எப்போதும் ஞாபகம் வரும் பழமொழி 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே'. மன்னிப்பு என்பது யாருடைய நெய்? மகனைத் தொலைத்தவளுடையது. அதை மந்திரிகளும் தளபதிகளும் தூதர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து தாராளமாக ஊற்றிவிட்டு, பிறகு அவள் நீதிமன்றம் போனால் 'வாக்கு மீறல்' என்கிறோம். அவள் எப்போது வாக்குக் கொடுத்தாள்?

சாட் நாட்டு ஹிசேன் ஹாப்ரே வழக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் யார் யாரை விடாமல் துரத்தினார்கள் என்பது அங்கேதான் நன்றாகத் தெரியும். 1982 முதல் 1990 வரை ஆண்டார், அமெரிக்காவும் பிரான்சும் லிபியாவின் கடாபிக்கு எதிராக அவருக்கு முட்டுக் கொடுத்தன. தலைநகர் என்ஜமேனாவில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்து நீச்சல் குளம் ஒன்றைக் கான்கிரீட்டால் மூடி, அதற்குள் அறைகள் கட்டி ஆட்களை அடைத்தார்கள். சிறையின் பெயரே 'நீச்சல் குளம்'தான். ஆட்சி போனதும் செனகல் தலைநகர் டக்காருக்கு ஓடிப்போய் வசதியாகக் குடியேறிவிட்டார்.

சிறையிலிருந்து உயிரோடு வந்தவர்களில் ஒருவர் சுலைமான் கெங்கெங், அரசு வேலையில் கணக்குப் பார்த்தவர். உள்ளே இருக்கும்போதே, வெளியே வந்தால் இதை உலகத்துக்குச் சொல்வேன் என்று சபதம் செய்தவர். வந்ததும் தன்னைப் போன்றவர்களை ஒவ்வொருவராகத் தேடி 792 பேரின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினார். ஆனால் ஹாப்ரேயின் ஆட்கள் பலர் அடுத்த ஆட்சியிலும் பதவியில் இருந்தார்கள், மிரட்டல் வந்தது, எல்லாத் தாள்களையும் வீட்டில் ஒளித்து வைத்துவிட்டார். வருடக்கணக்காக அப்படியே கிடந்தது. 2000இல் வழக்குப் போட்டபோது அந்தத் தாள்கள்தான் அடித்தளம். 2001இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பின் ஆட்கள் பழைய ரகசியப் போலீஸ் அலுவலகத்துக்குள் நுழைந்தால், தரை முழுக்கக் காகிதம், தூசி படிந்து கணுக்கால் வரை. பிடித்தவர்கள் பட்டியல், செத்தவர்கள் பட்டியல், தினசரி அறிக்கை. 12,321 பேரின் பெயர் அவற்றில் இருந்தது, 1,208 பேர் காவலில் செத்ததாக அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். கொடுமை செய்பவனுக்குக் கணக்கு எழுதும் பழக்கம் ஏன் போவதில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அப்புறமும் சுலபமாக நடக்கவில்லை. செனகல் நீதிமன்றம் 2001இல் எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றது. பாதிக்கப்பட்டவர்கள் பெல்ஜியம் போனார்கள், பெல்ஜியம் 2005இல் பிடியாணை போட்டது, செனகல் ஒப்படைக்கவில்லை, பெல்ஜியம் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2012 ஜூலை 20இல் அந்த நீதிமன்றம் செனகலிடம் 'நீயே விசாரி, இல்லையென்றால் ஒப்படை' என்று தீர்ப்புச் சொன்னது. ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு சேர்ந்து டக்காரிலேயே தனி நீதிமன்றம் அமைத்தார்கள். 2015இல் விசாரணை தொடங்கியபோது ஹாப்ரே கத்தி ரகளை செய்தார், காவலர்கள் தூக்கிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள், அதன் பிறகு மாதக்கணக்கில் தலைப்பாகையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். சுமார் 90 பேர் சாட்சி சொன்னார்கள், என் பெயரில் உள்ள எண் அதுதான். 2016 மே 30இல் ஆயுள் தண்டனை. ஓர் ஆப்பிரிக்க நாட்டின் நீதிமன்றம் இன்னொரு ஆப்பிரிக்க நாட்டின் முன்னாள் அதிபரைத் தண்டித்தது அதுதான் முதல்முறை. 2021 ஆகஸ்டில் கொரோனாவில் செத்தார், கைதியாக.

நஷ்டஈடு மட்டும் கேட்காதீர்கள். 2017இல் மேல்முறையீட்டில் 7,396 பேருக்கு 8,200 கோடி சிஎஃப்ஏ பிராங்க் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. சாட் அரசு ஆயிரம் கோடியைக் கொடுக்கத் தொடங்கவே 2024 ஆகிவிட்டது. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

---

அரைத்தூக்கம் எழுதியது:

நெய் பழமொழி சரியாக உறைத்தது, ஒப்புக்கொள்கிறேன். மன்னிக்கும் உரிமை மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இல்லை. ஆனால் ஒரு எதிர்க்கேள்வி: மேசைக்குப் பதிலாக மக்களே ஓட்டுப் போட்டு 'விட்டுவிடலாம்' என்றால்? உருகுவேயில் அப்படித்தானே நடந்தது? 1989இலும் 2009இலும் பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள், ராணுவத்தைக் காப்பாற்றும் சட்டத்தை நீக்கப் போதுமான ஓட்டு ரெண்டு தடவையும் விழவில்லை. இதற்கு என்ன சொல்வீர்கள்? அப்புறம் வழக்குப் போட்டதாலேயே ராணுவம் மறுபடி கிளம்பிவிட்டால்?

---

கோப்புப்புழு எழுதியது:

உருகுவே நல்ல இடி. அதற்கும் பதில் வந்தது, 2011இல் கெல்மான் வழக்கில் அதே மனித உரிமை நீதிமன்றம், பெரும்பான்மை ஓட்டு விழுந்தாலும் இந்த மாதிரிக் குற்றங்களை மன்னிக்க முடியாது என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கும், ஆனால் ரெண்டு தடவை ஓட்டுப் போட்ட ஒரு நாட்டிடம் வெளியூர் நீதிபதிகள் அப்படிச் சொல்வது கொஞ்சம் நெருடும் என்பதையும் மறைக்கவில்லை.

ராணுவம் கிளம்பாதா என்றால், கிளம்பும். அர்ஜென்டினாவில் கிளம்பியது. 1985இல், ராணுவ ஆட்சி நடத்திய தளபதிகளைச் சிவில் நீதிமன்றத்தில் நிறுத்தி விதேலாவுக்கும் மசேராவுக்கும் ஆயுள் கொடுத்தார்கள், 800க்கு மேற்பட்டவர்கள் சாட்சி. 1987 ஈஸ்டர் வாரத்தில் ராணுவத்தின் ஒரு பகுதி கலகம் செய்தது. பயந்துபோன அரசு, மேலதிகாரி சொன்னதைச் செய்தவர்களைத் தொட மாட்டோம் என்று சட்டம் போட்டது. அடுத்து வந்த மெனெம் 1990இல் தளபதிகளையும் மன்னித்து வெளியே விட்டார். மறுபக்கம் நண்பருக்கு இது அல்வா மாதிரி, எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் அந்தச் சட்டங்களில் ஓர் ஓட்டை விட்டுவிட்டார்கள். சிறையில் பிரசவித்த பெண்களைக் கொன்றுவிட்டு அவர்களின் குழந்தைகளைத் திருடி ராணுவக் குடும்பங்களுக்குக் கொடுத்த குற்றத்துக்கு மன்னிப்பு இல்லை. பிளாசா டே மாயோ பாட்டிமார்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தொலைந்த பேரப்பிள்ளைகளை மரபணுச் சோதனை வைத்துத் தேடினார்கள், இதுவரை 130க்கு மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் கிடைக்கும்போது அது ஒரே நேரத்தில் ஒரு குடும்பத்துக்கு உறவும் நீதிமன்றத்துக்குச் சாட்சியமும் ஆகிறது. அந்தக் குற்றத்துக்காகத்தான் 1998இல் விதேலாவை மறுபடி பிடித்தார்கள். 2005இல் உச்ச நீதிமன்றம் பழைய மன்னிப்புச் சட்டங்களையே செல்லாது என்றது. 2012இல் குழந்தைத் திருட்டுக்கு அவருக்கு 50 வருடம், 2013 மே மாதம் சிறையிலேயே மரணம். இந்தத் தடவை எந்த முகாமிலிருந்தும் டாங்கி வரவில்லை. அதனால் என் கணக்கு இதுதான்: 1987இல் பயந்தது தப்பென்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பயத்தை நிரந்தரச் சட்டமாக்க யாருக்கும் உரிமை இல்லை. வழக்கு காத்திருக்கலாம். அதுவரை தாளையும் மரபணுவையும் பத்திரமாக வைத்திருக்க ஆள் வேண்டும்.

---

மறுபக்கம் எழுதியது:

அல்வாவுக்கு நன்றி :) ஆனால் தென்கொரியாவை யாரும் சொல்லவில்லையே. 1995 ஜூலையில் அங்கே முன்னாள் ராணுவ ஆட்சியாளர் சுன் டூ-ஹுவான் மேல் வழக்கே போட முடியாது என்று அரசு வழக்கறிஞர்கள் முடிவு செய்தார்கள், வெற்றி பெற்ற ஆட்சிக்கவிழ்ப்பைத் தண்டிக்க முடியாது என்பது வாதம். அதே வருடம் கறுப்புப் பண விவகாரம் வெடித்தது, மக்கள் கொதித்தார்கள், டிசம்பரில் தனிச்சட்டம், கைது. 1980இல் குவாங்ஜு நகரில் போராடிய மக்களை ராணுவம் கொன்று குவித்த படுகொலைக்கும் ஆட்சிக்கவிழ்ப்புக்கும் சேர்த்து 1996இல் மரண தண்டனை, மேல்முறையீட்டில் ஆயுள், 1997 டிசம்பரில் மன்னிப்பு, வீட்டுக்குப் போய்விட்டார். அந்த மன்னிப்புக்குச் சம்மதித்தவர்களில் அப்போதுதான் அதிபர் தேர்தலில் ஜெயித்திருந்த கிம் டே-ஜுங் ஒருவர், 1980இல் இதே சுன் ஆட்சியில் மரண தண்டனை விதிக்கப்பட்டவர்! சாட்சி எண் 90, உங்கள் நெய் கணக்கில் இவர் எங்கே வருகிறார்? இவருடைய நெய்தானே?

---

சாட்சி எண் 90 எழுதியது:

அவருடைய பங்கு நெய் மட்டும். குவாங்ஜு தாய்மார்களின் பங்கை அவர் ஊற்ற முடியாது. அந்த மன்னிப்பால் சுன் மனம் மாறினாரா? 22,050 கோடி வோன் அபராதம் கட்டச் சொன்னால், 2003இல் தன்னிடம் வங்கியில் இருப்பது 2,90,000 வோன்தான் என்று நீதிமன்றத்தில் சொன்னவர். குவாங்ஜுவில் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டதைப் பார்த்ததாகச் சொன்ன ஒரு பாதிரியாரைத் தன் சுயசரிதையில் பொய்யர் என்று திட்டி, அதற்கும் 2020இல் தண்டனை வாங்கினார். 2021இல் சாகும்வரை மன்னிப்புக் கேட்கவில்லை. 2023இல் அவருடைய பேரன்தான் குவாங்ஜுவுக்குப் போய்க் கல்லறைகளின் முன் நின்று கேட்டான்.

ஆனால் மறுபக்கம் சொன்னதில் ஒன்று உண்மை, அவர் வெளியே வந்தாலும் தீர்ப்பு அழியவில்லை. வெற்றி பெற்ற கவிழ்ப்பும் குற்றமே என்று 1997இல் உச்ச நீதிமன்றம் எழுதியது அப்படியே இருக்கிறது. 2024 டிசம்பர் 3 இரவு அங்கே ராணுவச் சட்டம் அறிவித்தபோது சில மணி நேரத்தில் நாடாளுமன்றம் கூடி அதை ஓட்டுப் போட்டுத் தள்ளியது, அதற்குப் பிறகு நடந்த வாதங்களில் எல்லாரும் புரட்டிய பழைய தீர்ப்பு அதுதான்.

---

அரைத்தூக்கம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. என் முதல் கேள்வியில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். 'வாக்கு மீறல்' என்று இனி சொல்ல மாட்டேன். ஆனால் காம்பியா விஷயம் இன்னும் மனதில் நிற்கிறது, ஜெயித்த மறுவாரமே வாயைத் திறந்திருக்க வேண்டுமா என்று.

கோப்புப்புழு, ஒரு சின்னச் சந்தேகம். சிலியில் அந்த 'இன்னும் முடியாத ஆட்கடத்தல்' வழக்குகளில் உடல் கிடைத்துவிட்டால் வழக்கு என்ன ஆகும்? மறுபடி கொலையாகி மன்னிப்புக்குள் விழுந்துவிடாதா? குடும்பத்துக்கு எலும்பு வேண்டும், வழக்குக்கு எலும்பு கிடைக்கக் கூடாது என்றால் அது என்ன கொடுமை?

---

கோப்புப்புழு எழுதியது:

அந்தச் சங்கடம் ஆரம்பத்தில் நிஜமாகவே இருந்தது. 2006இல் அல்மோனாசிட் வழக்கில் அந்த மனித உரிமை நீதிமன்றம் 1978 ஆணையை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சிலியிடமே நேராகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு சிலி நீதிமன்றங்கள் கொலை வழக்குகளிலும் மன்னிப்பை மறுக்கத் தொடங்கின, எலும்பு கிடைத்தாலும் வழக்கு விழாது. ஆணை மட்டும் ஏட்டில் அப்படியே கிடக்கிறது. 2023 ஆகஸ்டில் அரசே தேடும் திட்டம் ஒன்றை அறிவித்தது. காணாமல் போனவர்கள் 1,469 பேர், அதுவரை அடையாளம் கண்டது 307 பேரை.